முப்பத்தெட்டுத் தப்படி

கடலோர வரிசையில் எங்களோடு சேர்த்துப் பதினோரு வீடுகள். அந்தப் பதினொன்றிலும் மனிதர்கள் நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்கினார்கள் என்றால் அதற்குக் காரணம் சுவரும் இல்லை, கதவும் இல்லை. என் ஓரகத்தியின் கால். மாதத்தின் முதல் தேதி காலையில் அவள் எங்கள் வீட்டுப் பின்சுவரில் முதுகை ஒட்டி நிற்பாள். அங்கிருந்து கடலைப் பார்த்து நடப்பாள். மணல் முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில் நிற்பாள். எத்தனை தப்படி என்று நோட்டில் எழுதுவாள். முப்பதுக்கு மேல் என்றால் குடியிருக்கலாம். முப்பதுக்குக் கீழே இறங்கினால் வரிசை மொத்தமும் காலி செய்ய வேண்டும். அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் கடற்கரை ஆபீஸ் போட்ட விதி அது. வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஒரு காலைத் தாண்டி மறு காலை வைத்தால் ஒரு தப்படி. எங்கள் உயிருக்கு அதுதான் அளவு.

இப்போது அந்தப் பதினோரு வீடும் இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை. இதைக் கடைசிவரை மூடி வைத்து உங்களை வாய் பிளக்க வைக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது என் ஓரகத்தியைப் பற்றி. அவளைத் திட்டாத வாய் ஊரில் இல்லை. யார் என்ன பேசினாலும், அவள் கணவரின் தம்பியைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வருஷம் அவளோடு சண்டை போட்டவள் நான். என்னைவிட அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

அவள் வேலை கடல் ஆமைகளின் தடம் பார்ப்பது. முட்டையிடும் பருவத்தில் விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பிவிடுவாள். துறைமுகச் சுவரிலிருந்து ஆற்று முகத்துவாரம் வரைக்கும் நாலு கிலோமீட்டர். ஒரு கையில் வாளி, ஒரு கையில் மூங்கில் குச்சி, இடுப்பில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நோட்டு. ராத்திரி கரையேறிய ஆமை எங்கே ஏறியது, எங்கே திரும்பியது, குழி தோண்டியதா, முட்டை வைத்ததா, எல்லாவற்றையும் மணலைப் பார்த்தே சொல்லுவாள். மணலில் பின்னால் வாரித் தள்ளிய மேடு இருக்கும். அதை வைத்து இது ஏறின தடம், இது இறங்கின தடம் என்பாள். நான் பார்த்தால் டிராக்டர் போன மாதிரிதான் இருக்கும்.

ஆமை என்ற வார்த்தை அவள் வாயில் வராது. 'வந்தவங்க' என்பாள். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்றாள்.

"நேத்து ரெண்டு பேர் வந்திருக்காங்கடி."

நான் பதறிப்போய் அடுப்பில் கூடக் கொஞ்சம் தண்ணீரை ஊற்றினேன். "சாப்பிடுவாங்களாக்கா?"

"அவங்க எங்க சாப்பிட? வந்த வேலையை முடிச்சுட்டு விடியறதுக்குள்ள போயிட்டாங்க. ஆளுக்கு நூத்திச் சொச்சம் வெச்சுட்டுப் போயிருக்காங்க."

"என்னது நூத்திச் சொச்சம்?"

"முட்டைடி."

உள்ளே என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கதையைப் பத்தொன்பது வருஷமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினார்.

அலை ஏறும் இடத்தில் வைத்த முட்டைகளை அவள் தோண்டி எடுத்து, மேட்டில் இருக்கும் வேலிக்குள் அதே ஆழத்தில் மறுபடி புதைப்பாள். எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே மேலே இருக்க வேண்டும். புரண்டால் உள்ளே இருக்கும் குஞ்சு செத்துப் போகும். அதனால் வாளி கையில் இருக்கும்போது அவள் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டாள். எதிரே கலெக்டரே வந்தாலும் சரி. "மண்டைக் கனம்" என்று ஊர் சொன்னது. மண்டைக் கனமும் கொஞ்சம் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது.

அவள் வீடு வரிசைக்கு வெளியே, மேட்டில். அவள் கணவர் கப்பலில் சமையல் பார்க்கிறவர். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். பிள்ளை குட்டி இல்லை. அதனால் அவளுக்குப் பேச ஆளும் நாங்கள்தான், அதட்ட ஆளும் நாங்கள்தான். என் வீட்டுக்காரரை 'தம்பி' என்பாள். அவர் 'அண்ணி' என்று சொல்லும்போது எழுந்து நிற்காத குறைதான். அண்ணியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். எனக்குச் சில நாள் பற்றிக்கொண்டு வரும்.

துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவரை நீட்டினார்கள். அந்த வருஷத்திலிருந்து எங்கள் பக்கம் கரை தேய ஆரம்பித்தது. முன்பு சரிவாக இறங்கிய மணல், கத்தியால் அறுத்த மாதிரி செங்குத்தாக நின்றது. அதற்கு அக்கா 'வெட்டு' என்று பெயர் வைத்தாள். முதலில் வெட்டு முழங்கால் உயரம் இருந்தது. அப்புறம் இடுப்பு உயரம். ஆமை தவழ்ந்து வந்து வெட்டில் முட்டும். ஏற முடியாது. அதன் ஓரமாகவே கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கும். பிறகு முட்டையிடாமல் திரும்பிக் கடலுக்குப் போய்விடும். அப்படித் திரும்பிய தடத்தை அவள் 'வெறுந்தடம்' என்பாள். சொல்லும்போது, பசியோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய மாதிரி அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

கரை தேய்ந்ததால் ஆபீஸ்காரர்கள் அந்த அளவையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். தினமும் நடக்கிறவள்தானே என்று நினைத்திருப்பார்கள். அளக்க ஒரு நாடா கொடுத்தார்கள். உப்புக் காற்றில் ஒரே பருவத்தில் துருப்பிடித்து ஒடிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கேட்டபோது ஒரு அதிகாரி வந்து, துறைமுக ரோட்டில் நூறு மீட்டருக்கு இரண்டு முனையிலும் வெள்ளைக் கோடு போட்டு, "நடங்கம்மா" என்றார். நடந்தாள். நூற்று நாற்பது தப்படி வந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். இனிமேல் நாடா வேண்டாம், கால் போதும். நாடா துருப்பிடிக்கும், கால் துருப்பிடிக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அது நடந்து பதினேழு வருஷம் ஆயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் முட்டை வாளியோடு வெட்டிலிருந்து சறுக்கி விழுந்தாள். வாளியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தாள். ஒரு முட்டைகூடப் புரளவில்லை. முட்டிதான் புரண்டது. எண்ணெய் தேய்த்தாள், துணி சுற்றினாள், ஊசி போட்டாள். "எப்படிக்கா இருக்கு?" என்று எப்போது கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு நாள்கூட விடுப்புப் போடவில்லை.

முதல் தேதி எண்களையும் எழுதிக்கொண்டே வந்தாள். விழுந்த வருஷம் நாற்பத்தொன்று. அடுத்த வருஷம் நாற்பது. அப்புறம் முப்பத்தொன்பது. கடல் அசந்து தூங்குகிறது என்று வரிசையே சந்தோஷப்பட்டது. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு தெரு போய்விட்டது, நம் பக்கம் வருஷத்துக்கு ஒரு தப்படிதான் போகிறது என்று என் வீட்டுக்காரர் பெருமையடித்துக்கொண்டார், ஏதோ அவரே கடலைப் பிடித்து நிறுத்தி வைத்த மாதிரி.

அவருக்கு அந்த எண் முக்கியம். எங்கள் வீட்டின் பின்னறையில் அவருடைய லேத் மெஷின் நின்றது. படகுகளுக்குப் புரொப்பெல்லர் ஷாப்ட் கடைந்து கொடுப்பார். ஒரு டன்னுக்கு மேல் எடை. சிமெண்டுத் தரையில் நாலு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். காலி செய்தால் எங்களுக்கு என்று ஒதுக்கியது பழைய ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் ஒற்றை அறை. ஒரு பல்பு எரியும், ஒரு மின்விசிறி சுற்றும், அவ்வளவுதான் கரண்ட். லேத் ஓடாது. இருபது வயதில் அடுத்தவன் பட்டறையில் கைகட்டி நின்ற மனுஷன், நாற்பத்தெட்டு வயதில் திரும்பப் போய் நிற்க வேண்டும். அதை நினைத்தாலே அவர் முகம் கறுத்துவிடும்.

எனக்கும் அது முக்கியம்தான். நான் ஏழு வாடகை வீடு மாறி வளர்ந்தவள். பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு ரோட்டில் நடப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடித்தபோது, இனி இந்த ஆணியைப் பிடுங்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன பருவத்தில் அவர்தான் என்னை அக்காவோடு அனுப்பினார். "அண்ணி தனியா வாளி தூக்க வேணாம். நீ கூடப் போ. கொக்கு மாதிரி காலை வெச்சுக்கிட்டுச் சும்மாதானே நிக்கறே?" நான் அவளைவிட ஒரு சாண் உயரம். வீட்டில் எனக்குப் பட்டப் பெயர் கொக்கு.

அப்படித்தான் தினமும் அவள் பின்னால் நடந்தேன். இரண்டு வாரம் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாள் தோன்றியது. நான் ஒரு அடி வைப்பதற்குள் அவள் ஒன்றரை அடி வைத்துவிடுகிறாள். வேகமாகவும் போகவில்லை. வலிக்கிற காலைப் பாதியில் இறக்கிவிடுகிறாள்; நல்ல காலும் அதோடு சேர்ந்து குட்டையாகவே விழுகிறது. அவளுக்கு அது தெரியவில்லை. மூன்று வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது எப்படித் தெரியும்?

அந்த மாதம் முதல் தேதி அவள் எங்கள் பின்சுவரிலிருந்து நடந்து முப்பத்தெட்டு என்று எழுதினாள். என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "முப்பத்தெட்டா? போதும் அண்ணி, நான் கிழவனாகற வரைக்கும் தாங்கும்" என்றார்.

மறுநாள் அவளுக்கு முன்னால் நான் எழுந்தேன். பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, சுவரில் முதுகை ஒட்டி நின்று நடந்தேன். வெட்டு வந்தபோது இருபத்தெட்டு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று திரும்பி வரும்போதும் எண்ணினேன். இருபத்தெட்டு.

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. எழுந்து போய், "ஏங்க, இருபத்தெட்டுதான் வருது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. எனக்குக் கால் நீளம், அதனால்தான் குறைவாக வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்துத் தப்படி வித்தியாசம் வரும் அளவுக்கு யாருக்கும் கால் நீளம் கிடையாது. அதுவும் தெரியும். எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை இப்போதும் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். புயல் இல்லை, மழை இல்லை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆனால் எங்கள் வரிசைக்கு எதிரே வந்த தடமெல்லாம் வெறுந்தடம். பதினெட்டு நாளில் பதின்மூன்று ஆமைகள் ஏறின. ஒன்றுதான் முட்டை வைத்தது, அதுவும் வரிசை முடிகிற மூலைக்கு அப்பால். மற்றப் பன்னிரண்டும் வெட்டில் முட்டித் திரும்பின. ஒரு தடம் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே வெட்டின் ஓரமாகவே நெடுந்தூரம் போய், திரும்பி வந்து, மறுபடி போய், பிறகுதான் கடலுக்கு இறங்கியிருந்தது. வெட்டு இப்போது என் தோள் உயரம் இருந்தது.

அக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எடம் இருக்குன்னு நோட்டு சொல்லுது. இல்லன்னு இவங்க சொல்றாங்க. ரெண்டுல ஒண்ணு பொய்யி."

"ஆமைக்கு என்னக்கா தெரியும்? எழுந்திரிங்க, வெயில் ஏறுது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பன்னெண்டு பேரும் ஒண்ணு போல சொல்றாங்கடி" என்றாள்.

இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவள் என்னை வேலியில் முட்டைகளுக்குக் காவல் வைத்துவிட்டு எங்கேயோ போனாள். துறைமுக ரோட்டுக்குப் போயிருக்கிறாள். பழைய வெள்ளைக் கோடு மங்கலாக இன்னும் இருந்தது. அந்தக் கோட்டிலிருந்து இந்தக் கோட்டுக்கு மூன்று முறை நடந்திருக்கிறாள், லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க. நூற்று நாற்பது வரவேண்டிய இடத்தில் மூன்று முறையும் நூற்று எண்பத்திரண்டு. அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து பின்பக்கமும் நடந்து பார்த்திருக்கிறாள். நான் வேலியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் பட்டறை வாசலில் நின்றிருந்தாள். செருப்பு கையில் இருந்தது.

"தம்பி, மெஷினை நிறுத்து."

நிறுத்தினார். "என்ன அண்ணி, இப்படி வேர்த்து ஊத்துது?"

"வீட்டைக் காலி பண்ணு. இன்னைக்கே."

"முப்பத்தெட்டு இருக்கே?"

"அது முப்பத்தெட்டு இல்ல. என் காலு சுருங்கிப்போச்சு. நூத்தி நாப்பது வர்ற எடத்துல நூத்தி எம்பத்திரண்டு வருது. கணக்குப் போட்டா முதல் தேதியே முப்பதுக்குக் கீழ. இப்ப இருபதுகூட இல்ல."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. அண்ணிக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து சிரித்த சிரிப்பு. "தார் ரோட்டுல வலியோட நடந்திருப்பீங்க. மணல்ல நீங்க நடக்கறதே வேற. பதினேழு வருஷமா உங்க தப்படி தப்பினதே இல்ல. தப்படின்னாலே தப்பாத அடின்னுதான் அர்த்தம்."

"டேய், நான் சொல்றேன்டா!"

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரை 'டேய்' என்று சொல்லி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

அவர் மேசையில் தலைமுடியின் கனத்தை அளக்கும் கருவி இருந்தது. ஷாப்டில் ஒரு மயிரிழை குறைந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கடைவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த மணலை ஒரு நாளும் அளந்ததில்லை. அண்ணி அளந்த இடத்தில் தான் நாடாவைப் பிடித்தால் அது அண்ணியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். இப்போது அந்த அண்ணியே வந்து சொன்னாலும், அவர் நம்பியது அவள் வாயை அல்ல, அவள் நோட்டை.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "நீ தினமும் அவங்க கூடத்தானே நடக்கறே? உனக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். 'நான் எண்ணினேன், இருபத்தெட்டு வந்தது' என்று சொன்னால் அவர் அந்த நிமிஷமே போல்ட்டில் ஸ்பானரை வைத்திருப்பார். ஆனால் அடுத்த கேள்வி, எப்போது எண்ணினாய் என்பதாக இருக்கும். பதினெட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும். எப்போதும் ஒன்பது முழம் நீளும் என் வாய் அன்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டது.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "சரி அண்ணி. உங்க பேச்சுக்காகப் போறேன். பாத்திரம் பண்டத்தை நாளைக்கே கொண்டு போயிடலாம். மூணு ஷாப்ட் பாக்கி இருக்கு, வெள்ளிக்கிழமை முடிச்சிடுவேன். சனிக்கிழமை கிரேன் வண்டி வரச் சொல்றேன், மெஷினை எடுத்துடலாம்."

"வெள்ளி வேணாம். இன்னைக்கே..."

"அண்ணி, மூணு நாள்தானே?" அதில் அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

அக்கா மற்றப் பத்து வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டித் தட்டிச் சொன்னாள். தன் கால் தப்பு என்று பத்து வாசலிலும் நின்று சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஆனாலும் அவர்களிடம் இருந்தது கட்டிலும் பெட்டியும்தான். புதன்கிழமை மாலைக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நாங்களும் ஐஸ் பேக்டரி அறையில் பாயை விரித்தோம். வியாழக்கிழமை காற்றே இல்லாமல் கடல் பொங்க ஆரம்பித்தது. எங்கேயோ தூரத்துப் புயலின் மிச்சம் என்றார்கள். அலை உயரமாகக்கூட இல்லை. மெதுவாக வந்து, வெட்டின் அடியில் நுழைந்து, மேல் மணலை விட்டுவிட்டு அடி மணலை மட்டும் அரித்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பிப் போனது.

வெள்ளிக்கிழமை விடிகாலை அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். "கடைசி ஷாப்ட். முடிச்சிட்டு போல்ட்டையும் கழட்டி வெச்சிடறேன்" என்றார். நான் தடுத்தேன் என்று சொன்னால் அது பொய். "சீக்கிரம் வந்துடுங்க" என்றேன். அவ்வளவுதான்.

அக்காவும் நானும் வரிசைக்கு அப்பால் இருந்த அந்த ஒரே கூட்டை எடுக்கப் போனோம். அலை அதையும் நெருங்கிவிட்டது. அவள் படுத்துக்கொண்டு, தோள்வரை கையை விட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான் வாளியில் அடுக்கினேன். காலியான வீடுகளுக்கு நடுவே எங்கள் லேத் ஓடும் சத்தம் மட்டும் கரை நெடுகக் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தச் சத்தம் எனக்குத் தெம்பாக இருந்தது.

எழுபதோ எழுபத்தொன்றோ எடுத்திருப்போம். சத்தம் நின்றது.

"கரண்ட் போச்சு போல" என்றேன்.

அக்கா எழுந்து நின்றாள். கையிலிருந்த முட்டை கீழே விழுந்தது. அவள் ஓடினாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடினாள். என் நீளக் காலால் அவளைப் பிடிக்க முடியவில்லை.

இடி மாதிரி சத்தமெல்லாம் எதுவும் கேட்கவில்லை. வீட்டின் முன்பக்கம் அப்படியே நின்றது, காலண்டர் கூட ஆடாமல். பின்னறைதான் இல்லை. அடியில் மணல் எப்போதோ போயிருக்கிறது. சிமெண்டுத் தரை வெறும் பலகையாகத் தொங்கியிருக்கிறது. ஒரு டன் இரும்பு அதன்மேல் நின்று அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து பள்ளத்தில் கிடந்தது. அவர் மெஷினுக்கு அடியில் இருந்தார். அலை வந்து வந்து போனது. சனிக்கிழமைக்குச் சொல்லியிருந்த கிரேன் வண்டி ஒரு நாள் முன்னாலேயே வந்தது. மதியம்தான் தூக்க முடிந்தது.

பத்து நாள் கழித்து ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தார்கள். வந்தவர் கையில் புத்தம் புதிய நாடா இருந்தது. அதற்குள் வரிசை மொத்தமும் கடலுக்குள் போயிருந்தது; அளக்க அங்கே எதுவும் இல்லை. ஐஸ் பேக்டரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரிசை ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். அக்கா நோட்டை நீட்டினாள்.

"மூணு வருஷமா நான் எழுதினது எல்லாம் தப்பு, சார். என் காலு சுருங்கினது எனக்குத் தெரியல. அப்படியே எழுதிக்கோங்க."

"நாடா குடுக்காம விட்டதும் இருக்கே..." என்று அவர் மெதுவாக இழுத்தார். ஆனால் அதை எழுதவில்லை. அவள் சொன்னதை எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவள் தெருவில் நடந்தால் கதவைச் சாத்தினார்கள். "ஆமைக்குப் பார்த்தவ, ஆளுக்குப் பார்க்கலை" என்று காதுபடப் பேசினார்கள். நானும் பேச விட்டேன். அவள் என் அறை வாசலுக்கு வந்தபோது எழுந்து உள்ளே போனேன். துக்கத்தில் இருக்கிறாள், பேச மாட்டாள் என்று ஊர் என் மேல் இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தை நான் வாங்கிக்கொண்டேன். இதைவிடக் கேவலம் என் வாழ்க்கையில் நான் எதுவும் செய்ததில்லை.

அடுத்த பருவம் தொடங்கிய வாரம் ஒரு விடியலில் என்னால் படுக்க முடியவில்லை. எழுந்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அளவு வேலையை ஆபீஸ் பிடுங்கிக்கொண்டது. தடம் பார்க்கும் வேலைக்கு வேறு ஆள் கிடைக்காததால் அவளையே வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்காரவில்லை.

"அக்கா, அந்த மாசம் ரெண்டாம் தேதியே நான் எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டு வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல."

அவள் துணி சுற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன் தடம் இருந்துச்சே. பின்கதவுலேர்ந்து வெட்டு வரைக்கும் போய்த் திரும்பியிருந்துச்சு. ஈர மணல்ல தடத்தைப் பார்த்தா எனக்கு எண்ணாம இருக்க வருமா? போறப்ப இருபத்தெட்டு. வர்றப்ப இருபத்தெட்டு."

"எண்ணிட்டு என்ன பண்ணினே?"

அவளை ஒருமையில் பேசியது எனக்கே பிறகுதான் உறைத்தது. அவள் துணியின் நுனியை உள்ளே செருகினாள்.

"உனக்குக் காலு நீளம்னு நெனச்சுக்கிட்டேன். ஏதாச்சும் இருந்தா உன் வாய் சும்மா இருக்காது, சொல்லிடும்னு பாத்தேன். நீ சொல்லல. சரி, அப்ப ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டேன்." முட்டியை ஒரு முறை தடவினாள். "நான் தப்புன்னா அவன் பட்டறை போயிடுமேடி. எனக்கு அது முப்பத்தெட்டாவே இருக்கணும்னு இருந்துச்சு."

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். மறைக்க என்ன இருக்கிறது, ஓங்கினேன். அவள் விலகவில்லை. ஓங்கிய கையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு அவள் காலடியில் உட்கார்ந்து, தொண்டை கிழிகிற மாதிரி அழுதேன். அவர் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

"ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சுடி" என்றாள் அக்கா. "அவனுக்கு மட்டுந்தான் தெரியாது."

அவள் கை என் தலையில் இருந்தது. வெளியே நன்றாக விடிந்துவிட்டது. அன்றைக்குத் தடம் பார்க்க யாரும் கடற்கரைக்குப் போகவில்லை.